இணையக் கடையிற் காசு வாங்கும் வகை

தமிழாசிரியன் ஒருவன் காசுக் கணக்கைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். மலர்க் குழுவினர் எம்மை அணுகியபோது சங்கச் செய்யுள் பற்றியோ நாவலர் பெருமானின் வசனநடை பற்றியோ ஒரு கட்டுரையையே எதிர்பார்த்தனர். ஆயினும் யாம் இப்பொருளைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. சில காலத்திற்கு முன் எமது பழைய மாணவர் சங்கத்தின் கட்டட நிதிக் கணக்கிலே ஒரு வேறுபாடு தோன்றிற்று. அதனால், நேர்மைக்குப் பெயர்போன பெரியவர் ஒருவர் பொதுக்கூட்டத்திலே தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. அவர் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர்; சங்கத்தின் தனாதிகாரி.

நடந்தது இது. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் இருந்த இடத்திலிருந்தே நன்கொடை செலுத்துமாறு இளைஞர் ஒருவர் சங்கத்திற்கு ஓர் இணையத்தளம் அமைத்துத் தந்தார். செலுத்தியோர் பெயரும் தொகையும் அத்தளத்திலே தாமாகவே பதிவாகும். ஆண்டிறுதியில் தளத்தின் பட்டியல் 864,500 ரூபா எனக் காட்டிற்று. வங்கிப் புத்தகமோ 794,915 ரூபா என்றது. ‘மிகுதி 69,585 ரூபா எங்கே?’ என ஒருவர் எழுந்து வினவினார். தனாதிகாரி விடை பகரவில்லை. பகர அவரிடம் விடை இருக்கவில்லை. அன்றிரவு கணக்குப் புத்தகத்தைப் பையிலிட்டுக்கொண்டு எமது வீட்டிற்கு வந்தார். மறுநாள் அவரும் யாமுமாக, இத்தகைய மென்பொருள்களை எழுதுந் தொழிலிலுள்ள எமது பழைய மாணவன் ஒருவனிடஞ் சென்றோம். முன்னர் யாம் அவனுக்குப் புணர்ச்சி விதி கற்பித்தோம். இப்பொழுது அவன் எமக்குக் கற்பித்தான். அங்கே அறிந்ததையே இங்கு எழுதுகின்றோம். கடை வைத்திருப்போரும் சங்கம் நடாத்துவோரும் எம்மிடையே பலராதலின் இஃது அவர்க்குப் பயன்படும் என நம்புகின்றோம்.

முதலிலே காசட்டை செல்லும் வழியை அறிதல் வேண்டும். ஒருவர் அட்டையைக் கொடுத்துப் பொருள் வாங்கும்போது கடைக்காரர், வாங்குபவர் என்னும் இருவரே கண்ணுக்குத் தெரிவர். மறைவில் இன்னும் மூவர் உளர். அட்டையை வழங்கிய வங்கி ஒன்று. கடைக்காரரின் கணக்கிற்காகக் காசை ஏற்கும் வங்கி மற்றொன்று. இவ்விரண்டையும் இணைக்கும் விசா, மாஸ்ரர்காட் போன்ற வலையமைப்பு மூன்றாவது. 1958ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் கலிபோர்ணியா மாநிலத்துப் பிறெஸ்னோ நகரில், பாங்க் ஒவ் அமெரிக்கா என்னும் வங்கி ஏறக்குறைய 60,000 குடும்பங்களுக்கு அவர்கள் கேளாமலே அட்டைகளைத் தபாலில் அனுப்பிற்று. 1976இல் விசா எனப் பெயர் பெற்றது அந்த அட்டையின் வழிவந்ததே. அன்று கடைக்காரர் தொலைபேசியிலே வங்கியை அழைத்து, ‘இவருக்கு இத்தொகைக்குக் கொடுக்கலாமா?’ என்று கேட்டார். இன்று அதே வினா கணினிவழி சென்று சில விநாடியில் மீள்கின்றது. வினாவும் விடையும் மாறவில்லை, வேகமே மாறிற்று.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ‘ஆம், கொடுக்கலாம்’ என வங்கி விடை தருவது காசு வந்துவிட்டமைக்கு அடையாளமன்று. அத்தொகையை அவ்வங்கி அவர் கணக்கிலே ஒதுக்கிவைத்தது என்பதே அதன் பொருள். அன்றைய விற்பனைகள் யாவும் பின்னர் தொகுக்கப்பட்டு, வங்கிகளுக்கிடையே கணக்குத் தீர்க்கப்பட்டு, தரகு கழிக்கப்பட்டு, ஒரு நாளோ சில நாளோ சென்றபின்னரே கடைக்காரரின் கணக்கிற் காசு சேரும். அனுமதி வேறு, தீர்வு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே எமது சங்கத்தின் முதற் பிழை.

இனி இணையத்தளத்திற்கு வருவோம். சிறு வணிகர் ஒருவர் தம் தளத்திலே அட்டையெண்ணை நேரே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாகாது. அவ்வெண்களைப் பெறுவோரும் காப்போரும் கைக்கொள்ள வேண்டிய விதிகளை அட்டை வலையமைப்புகள் கூடி 2004ஆம் ஆண்டிலே வகுத்தன. அவ்விதிகளை நிறைவேற்றுதல் பெரிய நிறுவனங்களுக்கே பெருஞ்சுமை. ஆகவே கொடுப்பனவு வாயில் எனப்படும் நிறுவனமொன்றின் துணையை நாடுதலே வழக்கம். வாங்குபவர் பொருளைத் தெரிந்தபின் எமது தளம் அவரை அவ்வாயிலின் பக்கத்திற்கு அனுப்பும். அவர் அட்டையெண்ணை அங்கேயே பதிவார். எமது தளம் அதனைக் காண்பதில்லை. அடுத்த முறையும் அதே அட்டையைப் பயன்படுத்த அவர் விரும்பினால், எண்ணுக்குப் பதிலாக ஓர் அடையாளச் சொல்லை வாயில் எமக்குத் தரும். களவுபோனாலும் அச்சொல் பிறருக்கு உதவாது. எம் முன்னோர் கையிற் காசைக் கட்டிக்கொண்டு கடல் கடக்க அஞ்சி உண்டியல் எழுதி வாங்கிச் சென்றது போன்றது இது.

அட்டையெண்ணைப் பற்றி ஓர் இடைச்செருகல். அவ்வெண்ணின் இறுதி இலக்கம் முன்னுள்ள இலக்கங்களைச் சரிபார்ப்பதற்கென்றே வைக்கப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீற்றர் லூன் 1954இல் விண்ணப்பித்து 1960இற் பெற்ற காப்புரிமை இம்முறைக்கு மூலம். வலமிருந்து இடமாக எண்ணி, ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இலக்கங்களை இரட்டிக்க வேண்டும்; இரட்டித்தது 9இற்கு மேற்படின் 9ஐக் கழிக்க வேண்டும்; பின் யாவற்றையுங் கூட்டினால் பத்தால் மீதியின்றிப் பிரிபடல் வேண்டும். சோதனைக்கென வெளியிடப்பட்ட 4242 4242 4242 4242 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். இரட்டிக்கப்படாத 2கள் எட்டும் சேர்ந்து 16. இரட்டித்த 4கள் எட்டும் சேர்ந்து 64. ஆகக் கூட்டுத்தொகை 80. எண் சரி. ஓரிலக்கம் தவறினாலும் இக்கணக்கு உடனே காட்டிக்கொடுக்கும். எமது தனாதிகாரி இதனைக் கேட்டபோதுதான் அன்று முதன்முறையாக முகமலர்ந்தார்.

இப்பொழுது விடயத்தின் நடுவிற்கு வருகின்றோம். வாயிலின் பக்கத்திலே கொடுப்பனவு முடிந்தபின் எமக்கு இரு வழியாகச் செய்தி வருகின்றது. ஒன்று, வாங்குபவரின் திரை மீண்டும் எமது தளத்தின் ‘நன்றி’ என்னும் பக்கத்திற்குத் திரும்புவது. மற்றது, வாயிலின் கணினி எமது கணினியை நேரே அழைத்து, இன்ன கட்டளைக்கு இன்ன தொகை பெறப்பட்டது, அல்லது பெறப்படவில்லை, என அறிவிப்பது. முன்னையது கண்ணுக்குத் தெரியும், பின்னையது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத பின்னையதே சான்று. முன்னையது வாங்குபவரின் கைவழி வருவது. கொடுக்க முயன்று தவறியவரும் அப்பக்கத்திற்கு வரலாம். அதன் முகவரியை அறிந்த எவரும் கொடாமலே வரலாம். கொடுத்தவரின் இணைப்பு இடையில் அறுந்தால் அவர் வராமலும் போகலாம். எமது தளத்தை அமைத்த இளைஞரோ ‘நன்றி’ப் பக்கம் திறந்தவுடன் பெயரைப் பட்டியலில் எழுதுமாறு செய்திருந்தார்.

காசுக்கட்டளைக் காலத்தை நினைவிற் கொண்டால் இது விளங்கும். கொழும்பிலிருந்து மகன் ‘காசு அனுப்பிவிட்டேன்’ என்று எழுதிய கடிதத்தைத் தாய் தபாற்கந்தோருக்குக் கொண்டு சென்றால் தபாலதிபர் காசை எண்ணிக் கொடுப்பாரா? கந்தோருக்குக் கந்தோர் முத்திரையோடு வருந் தாளையன்றோ அவர் பார்ப்பார்! மகன் பொய்யன் என்பதன்று. கடிதம் அதற்குரிய பத்திரமன்று.

அங்ஙனமாயின் வாயிலின் பெயரால் வேறொருவர் பொய்யறிவிப்பு அனுப்ப மாட்டாரோ எனில், அதற்கும் முத்திரை உண்டு. வாயிலும் நாமும் மட்டுமே அறிந்த இரகசியச் சொல் ஒன்று தொடக்கத்திலேயே தரப்படும். அறிவிப்பின் வாசகத்தையும் அவ்விரகசியச் சொல்லையும் சேர்த்து ஒருவகைக் கணிதத்துக்கு உட்படுத்தினால் ஒரு குறிமாலை கிடைக்கும். எஸ்.எச்.ஏ.-256 எனப்படும் முறையில் வாசகம் எத்துணை நீண்டதாயினும் 64 குறிகளாகவே அது எழுதப்படும். வாசகத்தில் ஓர் எழுத்து மாறினும் மாலை முழுவதும் வேறாகிவிடும். மாலையைக் கொண்டு இரகசியச் சொல்லைக் கண்டறிதலும் இயலாது. அறிவிப்போடு வந்த மாலையும் நாமே கணித்த மாலையும் ஒத்தால் அறிவிப்பு மெய்யானது. அதன்பின்னும் தொகையை ஒப்புநோக்குதல் வேண்டும். 10,000 ரூபாவுக்குரிய கட்டளையிற் 10 ரூபா செலுத்தப்பட்டிருப்பின், ‘செலுத்தப்பட்டது’ என்ற சொல் மெய்யாயினும் பொருளை அனுப்பலாகாது. இரகசியச் சொல்லைப் பிறர் காணக்கூடிய பக்கத்திலே எழுதிவைப்பதும் திறப்பைக் கதவிலே தொங்கவிடுவதும் ஒன்றே. இவ்வாறு எழுதிவைத்தோர் பலர் என்று எமது மாணவன் கூறினான்.

அடுத்து, இரட்டைக் கொடுப்பனவு. ரொறன்ரோவில் வாழும் அன்பர் ஒருவர் 10,000 ரூபா செலுத்தப் பொத்தானை அழுத்தினார். திரை அசையவில்லை. மீண்டும் அழுத்தினார். காசு இருமுறை கழிந்தது. பட்டியலில் ஒருமுறையே ஏறிற்று. இதற்குப் பரிகாரம் எளியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தனியெண் கொடுத்து, அவ்வெண்ணோடு வருங் கோரிக்கை எத்தனை முறை வந்தாலும் ஒருமுறையே நிறைவேற்றுமாறு அமைத்தல் வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிய எண் பிறக்குமாறு எழுதினால் இப்பரிகாரம் பயன்படாது. எமது தளம் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. வாயிலிலிருந்து வரும் அறிவிப்பும் சிலவேளை இருமுறை வரும். எமது கணினி பெற்றுக்கொண்டதாக விடை தராவிடின் வாயில் மீண்டும் அனுப்பும். அது பிழையன்று, காவல். முன்னரே பதியப்பட்ட எண்ணாயின் மீண்டும் பதியாது விடுதல் எமது பொறுப்பு.

தொகையை எழுதும் வகையிலும் கவனம் வேண்டும். கணினி தசமப் பின்னங்களை இரண்டடிமான எண்ணாகக் கொள்வதால், 0.1உம் 0.2உம் கூட்டினால் சரியாக 0.3 வாராது மிகச் சிறிய வேறுபாடு தோன்றும். ஆதலாற் பல வாயில்கள் தொகையைச் சதக் கணக்கில் முழு எண்ணாகவே கேட்கின்றன. 1,250 ரூபா 50 சதம் என்பது 125050. யப்பானிய யென்னுக்குச் சதம் இல்லை. குவைத் தினாருக்கோ ஆயிரத்தில் ஒரு கூறு உண்டு. எல்லா நாணயத்தையும் நூறால் வகுப்பவர் குவைத்திலுள்ள நண்பரிடம் பத்து மடங்கு பிழை விடுவார்.

இனி அந்த 69,585 ரூபாவைக் காண்போம். மாணவன் வாயிலின் அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பட்டியலோடு ஒப்பிட்டான். அட்டை மறுக்கப்பட்டும் ‘நன்றி’ப் பக்கத்திற்கு வந்த இருவர் பெயரில் 25,000உம் 15,000உமாக 40,000 ரூபா வாராத காசு. அதனைக் கழிக்க 824,500. ரொறன்ரோ அன்பரின் இரண்டாம் 10,000ஐக் கூட்ட 834,500. மெய்யாகச் செலுத்தப்பட்டது இதுவே. நூற்றுக்கு மூன்றாகத் தரகு 25,035. எஞ்சியது 809,465. ஆண்டின் கடைசி நாட்களில் வந்த 15,000 ரூபா, தரகு போக 14,550ஆக, இன்னும் வங்கிக்கு வந்து சேரவில்லை. அதனையுங் கழிக்க 794,915. வங்கிப் புத்தகத்திலிருந்த தொகை சதமும் பிசகாது அதுவே. தனாதிகாரி அத்தாளை மும்முறை கூட்டிப் பார்த்தார். பின்னர் எமது மாணவனின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

அடுத்த கூட்டத்திலே அக்கணக்கை யாமே வாசித்தோம். முன்னர் வினவியவர் எழுந்து மன்னிப்புக் கேட்டார். ரொறன்ரோ அன்பருக்குப் 10,000 ரூபாவையும் திருப்பி அனுப்பினோம். அதற்குக் கொடுத்த தரகு 300 ரூபா மட்டும் எமக்கு மீளவில்லை. ‘தரகு’ என்றொரு நிரலும் ‘வரவேண்டியது’ என்றொரு நிரலும் தனாதிகாரியின் புத்தகத்திலே இப்பொழுது உண்டு.

தரகோடு நில்லாத இன்னொரு செலவும் உண்டு. அட்டைக்குரியவர், ‘இக்கொடுப்பனவை யான் செய்திலேன்’ என்று தம் வங்கியில் முறையிட்டால், காசு கடைக்காரரிடமிருந்து மீளப் பெறப்படும். பெரும்பாலும் 120 நாள் வரை இம்முறையீட்டிற்கு இடமுண்டு. பொருள் சென்று சேர்ந்தமைக்குரிய சான்றைக் கடைக்காரர் காட்டல் வேண்டும். கைத்தொலைபேசிக்கு ஒருமுறைக் குறியெண் அனுப்பிச் சரிபார்க்கும் முறையைக் கையாண்டிருப்பின், களவட்டைக்குரிய நட்டம் பொதுவாக அட்டை வழங்கிய வங்கியைச் சாரும். ஆகவே அக்குறியெண் கேட்பதைத் தொல்லையென எண்ணி நிறுத்திவிடும் வணிகர் தம் தலையிலே தாமே சுமையை ஏற்றுகின்றனர்.

கடைத்தெருவின் நிலை சற்று வேறு. காசுப்பெட்டி இயந்திரத்தை 1879இல் அமெரிக்காவின் டேற்றன் நகரத்து மதுக்கடைக்காரர் ஜேம்ஸ் றிற்றி அமைத்தது, வேலையாட்கள் காசைக் களவாடுவதைத் தடுக்கவேயாம். அப்பெட்டியின் பிறப்பிலேயே ஐயம் கலந்திருந்தது. இன்று கைத்தொலைபேசியிலோ பலகைக் கணினியிலோ இயங்கும் விற்பனைச் செயலி அதன் இடத்தைப் பிடித்துள்ளது. பொருளின் கோட்டுக்குறியைப் படித்து, விலை கூட்டி, பற்றுச்சீட்டு அடித்து, இருப்பையும் அது குறைக்கும். ஆயினும் எமது ஊர்க் கடைகள் பலவற்றில் அச்செயலியும் அட்டை இயந்திரமும் ஒன்றையொன்று அறியா. செயலி 1,250 எனக் காட்ட, காசாளர் அதனைப் பார்த்து அட்டை இயந்திரத்திலே கையால் அழுத்துகின்றார். மாலைச் சனநெருக்கத்தில் 12,500 என அழுந்திவிடின், வாங்குபவர் வீடு சென்று குறுஞ்செய்தியைப் பார்க்கும்போதே தெரியவரும். இரண்டையும் இணைத்துவிட்டால் தொகை தானே செல்லும். விடையும் தானே மீளும். பற்றுச்சீட்டு விடைக்குப் பின்னரே அச்சாகும்.

கியூ.ஆர். சதுரக் குறி யப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்திலே 1994இற் பிறந்தது. இலங்கை மத்திய வங்கி 2018இல் லங்கா கியூ.ஆர். என்னும் பொது வரன்முறையை வகுத்தது. ஆதலால் அதில் இணைந்த எந்த வங்கியின் செயலியைக் கொண்டும் ஒரே குறிக்குக் காசு செலுத்தலாம். 2024 மாசி 12ஆந் திகதி முதல் இந்திய யாத்திரிகரும் தம் நாட்டு யூ.பி.ஐ. முறையால் இக்குறிக்குச் செலுத்தும் வசதி ஏற்பட்டுள்ளது. அச்சதுரத்துள் மறைபொருள் எதுவும் இல்லை. இலக்கத் தலைப்பு, நீளம், பொருள் என மும்மூன்றாக அடுக்கிய வாசகமே அது. 53 என்னுந் தலைப்பின்கீழ் நாணயம். எமது ரூபாவுக்கு 144. 59இன் கீழ்க் கடையின் பெயர். 54இன் கீழ்த் தொகை. 63இன் கீழ் வாசகம் பழுதுபடவில்லை என்பதைக் காட்டும் நான்கு குறிகள்.

மேசையில் ஒட்டிவைக்கப்படுங் குறியிலே பொதுவாகத் தொகை இராது. வாங்குபவரே தொகையைப் பதிவார். விற்பனைச் செயலி ஒவ்வொரு விற்பனைக்கும் புதிதாகத் திரையில் வரையுங் குறியிலோ தொகையும் விற்பனையெண்ணும் இருக்கும். ஒட்டிய குறிக்கு மேல் வேறொருவன் தன் குறியை ஒட்டிச் செல்வதும் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளது. காலையிலே கடை திறந்தவுடன் தம் குறியைத் தாமே ஒருமுறை படித்து, தம் பெயர் தோன்றுகின்றதா எனப் பார்த்துக்கொள்வது நன்று.

இவ்விடத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்லல் வேண்டும். சந்தைக்கு அண்மையிலுள்ள புடைவைக் கடையொன்றிலே காசாளராக இருப்பவள், எம்மிடங் கற்றவள். மாலை நேரம் ஒருவன் 18,500 ரூபாவுக்குச் சேலைகள் எடுத்து, குறியைப் படிப்பதுபோற் காட்டி, பச்சை நிறச் சரியடையாளம் உள்ள திரையை அவளிடம் நீட்டினான். கடையின் பெயரும் தொகையும் அதில் இருந்தன. அவள் பற்றுச்சீட்டுக் கொடுத்தாள். காசு வரவில்லை; அப்படம் முன்னரே புனையப்பட்டது. கடை உரிமையாளர் மாதந்தோறும் 3,000 ரூபா அவள் சம்பளத்திற் பிடிக்கத் தொடங்கினார். மூன்றாம் மாதம் அவள் எம்மிடம் வந்து, ‘சேர், முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ’ என்றாள்.

யாம் முதலில் எழுதியது இரக்கம் வேண்டும் கடிதம். வறுமை, தகப்பனின் நோய், தங்கையின் படிப்பு யாவும் அதிலே இருந்தன. எமது சங்கக் கணக்கு விளங்கியபின் அதனைக் கிழித்து வேறொன்று எழுதினோம். அதில் இரக்கம் ஒரு வரிதானும் இல்லை. காசு வந்தமைக்கான வங்கிக் குறுஞ்செய்தி உரிமையாளரின் தொலைபேசிக்கே வருகின்றது. அவர் மாலையிற் கடையில் இருப்பதில்லை. காசாளரின் மேசையில் அவ்வறிவிப்பைக் காணும் வழி எதுவும் வைக்கப்படவில்லை. ஆகவே வாங்குபவன் காட்டிய படத்தையன்றி வேறெதனை அவள் பார்த்திருக்கக்கூடும்? இவ்வளவே கடிதம்.

உரிமையாளர் கெட்டவரல்லர், தாமும் இழந்தவர். கடிதத்தை வாசித்துவிட்டு இரு நாள் பேசாதிருந்தாராம். பின்னர் எமது மாணவனை அழைத்துச் செயலியோடு வங்கியின் அறிவிப்பை இணைக்கச் செய்தார். இப்பொழுது அம்மேசையிலே சிறு திரையொன்று உண்டு. விற்பனைக்குரிய குறி அதில் தோன்றும். வங்கியிலிருந்து அறிவிப்பு வந்தபின்னரே பற்றுச்சீட்டு அச்சாகும். மின்சாரமோ இணைப்போ இல்லாதபோது காசு மட்டும் வாங்குவதென ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கின்றார். அதிலிருந்த எழுத்துப் பிழையை யாம் திருத்திக் கொடுத்தோம். பிடித்த 9,000 ரூபாவில் 6,000 ரூபாவைப் பொங்கலுக்கு முன் அவளிடங் கொடுத்தார். எஞ்சிய 3,000 ரூபாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. யாம் கேட்பதாக இருக்கின்றோம்.